ஏழாவது அணியின் அப்பா

ஏழாவது அணி மேடைக்கு வரவும் என்று ஒலிபெருக்கி கூப்பிட்டபோது பொங்கியண்ணன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். பாதிக் கொட்டாவியை அப்படியே விழுங்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏழாவது அணி என்றால் கனிஷ்காவின் அணி. அவருடைய ஒரே மகள், பதினோராம் வகுப்பு, காலையில் வேனில் ஏறும்போதே, "அப்பா, நீங்க கடைசி வரிசைல உக்காருங்க, முன்னாடி உக்காந்துட்டு எனக்குச் சைகை காட்டப்படாது" என்று கண்டிஷன் போட்டுக் கூட்டிவந்தவள். அதனால்தான் இந்தக் கல்லூரி அரங்கத்தின் கடைசி வரிசையில், சுற்றாத மின்விசிறிக்கு நேர் கீழே, தக்காளிச் சாதம் தின்ற மயக்கத்தோடு அவர் உட்கார்ந்திருந்தார். இயற்கை வளம் காக்கும் மாணவர் போட்டி, மாவட்ட அளவில், காலையில் மரத்தடியில் பரீட்சை, மதியம் மேடையில் பேச்சு. இதுவரைக்கும் பேசிய பிள்ளைகள் காட்டுத் தீயைப் பற்றிப் பேசினார்கள், யானைகள் போகும் வழியைப் பற்றிப் பேசினார்கள், நெகிழிப் பையைப் பற்றி ஒரு பையன் அழுதே விட்டான், பொங்கியண்ணனும் எல்லோருக்கும் மனதாரக் கை தட்டினார். ஒவ்வொரு அணிக்கும் பானைக்குள் கைவிட்டு எடுத்த சீட்டில் வந்த தலைப்பு. நம்ம புள்ளைக்கு என்ன வந்திருக்கும், மயில் வந்தால் நன்றாக இருக்கும், மயிலைப் பற்றி அவள் மணிக்கணக்கில் பேசுவாள் என்று அவர் நினைத்து முடிப்பதற்குள் ஒலிபெருக்கி சொல்லிவிட்டது. "தலைப்பு: எங்கள் ஊரின் நிலத்தடி நீரைக் காக்க ஒரு திட்டம்."

நிலத்தடி நீர். உலகத்தில் எத்தனையோ தலைப்பு இருக்க, போயும் போயும் அந்தப் பிஞ்சுக் கைக்கு இதுவா அகப்பட வேண்டும். செங்காட்டுப்பாளையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், தண்ணி வண்டின்னா பொங்கியண்ணன், பொங்கியண்ணன்னா தண்ணி வண்டி. கிழக்கால ஒரு போர்க்கிணறு, மேக்கால ஒரு போர், ரண்டு டேங்கர் லாரி, கல்யாண மண்டபத்துக்கும் ஓட்டலுக்கும் பல்லடம் ரோட்டில் முளைத்திருக்கும் அடுக்கு வீடுகளுக்கும் அவர் வண்டிதான். ரண்டு வண்டியின் முதுகிலும் நீலப் பெயின்டில் தாமரைப்பூ போட்டு 'கனிஷ்கா வாட்டர் சப்ளை' என்று எழுதியிருக்கும். அவள் பிறந்த வருசம் வைத்த பேர். சின்ன வயதில் அந்த எழுத்தைத் தடவித் தடவித்தான் அவள் 'க' படித்தாள். இப்போது அந்தக் கனிஷ்காவே மேடையேறி நிலத்தடி நீரைக் காக்கப்போகிறாள். யாரிடமிருந்து காப்பாள்? என்ன கேள்வி இது, பொதுவாத்தான் பேசுவா, மழைநீர் சேகரிப்பு, மரம் நடுதல், தண்ணீர்க் குழாயை இறுக்கி மூடுதல், பள்ளிக்கூடத்துப் பேச்சு அப்படித்தானே இருக்கும். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உயிரியல் டீச்சர் ஜெசிந்தாவைப் பார்த்தார். அவர்தான் அணியைத் தயார்செய்து கூட்டிவந்தவர். "பொதுவாத்தானுங்க டீச்சர் பேசுவாங்க?" என்று மெதுவாகக் கேட்டார். ஜெசிந்தா டீச்சர் மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "பொதுவாப் பேசுனா மார்க் போடமாட்டாங்க சார்" என்றார்.

மார்க் போடமாட்டார்களாம். பொங்கியண்ணன் சட்டையின் மேல்பட்டனைக் கழற்றினார். மேடையில் நாலு பேரும் வரிசையாக நின்றார்கள். கனிஷ்கா, அவளோடு ஒட்டிக்கொண்டே திரியும் ரிஸ்வானா, படம் வரையும் துர்கா, உயரமாக வளர்ந்துவிட்டதற்கு மன்னிப்புக் கேட்பதுபோல நிற்கும் அஷ்வத். கனிஷ்காவின் சுடிதார் முழங்காலில் செம்மண் அப்பியிருந்தது, காலையில் மண் பரீட்சையில் குழிக்குள் இறங்கியது. இந்த மண்ணு பைத்தியம் அவளைப் பிடித்து மாசக்கணக்காகிறது. ஈர மண்ணை உருட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நாடா மாதிரிப் பிதுக்கித் தள்ள வேண்டுமாம், நாடா நீளமாக வந்தால் களிமண், பொசுக்கென்று உடைந்தால் மணல். ஒரு நாள் அவர் மனைவி பூங்கொடி சப்பாத்திக்குப் பிசைந்து வைத்த மாவை எடுத்து நாடா விட்டுப் பார்த்து, "அம்மா, இது நல்ல களிமண்" என்றாள். பூங்கொடி கரண்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் துரத்தினாள். அந்தச் சப்பாத்தியைத் தின்னும்போது அவருக்குமே கொஞ்சம் களிமண் ஞாபகம்தான் வந்தது. அதை நினைத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கிற நேரமா இது, ஆனால் வந்தது. இன்று காலையில் மட்டும் என்ன, கயிறு கட்டி அப்பா அம்மாக்களை ஒதுக்கி நிறுத்தியிருந்தார்கள், மரத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் பரீட்சை, பிள்ளைகள் ஒரு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து இலையைத் திருப்பிப் பார்த்துக் குசுகுசுத்தார்கள், அவருக்குப் பொறுக்கவில்லை, காட்டுக்குள் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா, "வேம்பு கண்ணு, வேம்பு!" என்று கத்திவிட்டார். ஒரு தன்னார்வலர் பெண் ஓடிவந்து, "அப்பா, பேசப்படாதுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். பிள்ளைகள் எழுதிய விடை மலைவேம்பு. சரியான விடையும் மலைவேம்பு. நல்லவேளை, என் பேச்சைக் கேட்கவில்லை. என் பேச்சைக் கேட்காத பிள்ளை.

"மாண்புமிகு நடுவர்களே" என்று கனிஷ்கா ஆரம்பித்தாள். குரல் நடுங்கவில்லை. அவள் குரல் இல்லை அது, வீட்டில் 'ஏனப்பா சார்ஜரை எடுத்தீங்க' என்று கத்துகிற குரல் இல்லை, வேறு யாரோ பெரிய மனுஷியின் குரல். துர்கா வரைந்த படத்தை அஷ்வத் தூக்கிப் பிடித்தான். பூமியை இளநீர் வெட்டுவதுபோல நேராக வெட்டி உள்ளே காட்டும் படம், மேலே வீடுகள், கீழே பாறை, பாறைக்குள் நீலக் கோடுகள், அந்தக் கோடுகளை நோக்கி இறங்கும் நீளமான ஊசிகள். ஊசிதான் போர். பொங்கியண்ணன் தன்னையறியாமல் படத்தில் மேற்கு எது கிழக்கு எது என்று தேடினார். "எங்க ஊர்ல கிணறு தோண்டுன காலத்துல" என்று அவள் சொல்லிக்கொண்டு போனாள், அவர் காதில் பாதிதான் விழுந்தது, மீதிப் பாதி அந்தப் பஞ்ச வருசத்துக்குப் போய்விட்டது. கனிஷ்கா கைக்குழந்தை. ஊரில் சொட்டுத் தண்ணி இல்லை. பொம்பளைகள் குடத்தை வரிசையாக வைத்துவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் பழைய லாரி ஒன்றை வாங்கி, டேங்க் ஏற்றி, முதல் லோடை ஊருக்குள் கொண்டுவந்து நிறுத்தினபோது ஒரு அம்மா லாரிக்கு ஆரத்தி எடுத்தாள். லாரிக்கு! சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், முகப்புக்குச் சாமந்தி மாலை, அவர் நெற்றியில் பெரிய குங்குமம். அந்தக் குங்குமத்தைத் துடைக்க மனசில்லாமல் அன்று முழுக்கத் திரிந்தார். தண்ணிதானே விக்கறோம், சாராயமா விக்கறோம். தாகத்துக்குக் கொடுக்கிறோம். அப்புறம் ஊருக்கு மேட்டூர்த் தண்ணி குழாயில் வந்தது, குடத்து வரிசை கலைந்தது, லாரி மட்டும் நிற்கவில்லை. மண்டபம் வந்தது, ஓட்டல் வந்தது, ஓட்டலுக்கு முன்னால் புல்தரை வந்தது. புல்தரைக்கும் தாகம்தான். புல்லு யாருக்கும் ஆரத்தி எடுப்பதில்லை. சே, என்ன நினைப்பு இது, புள்ள பேசறதைக் கேளு.

"எங்க ஊர்ல வத்திப்போன திறந்த கிணறுகளைக் கணக்கெடுத்தோம்" என்று ரிஸ்வானா மைக்கை வாங்கினாள். "சில கிணறுகள்ல கயிறு விட்டுப் பார்த்தோம். ஈரமே இல்லை." கயிறு. ஆமாம், மாட்டுக் கயிற்றில் செங்கல்லைக் கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையெல்லாம் நாலு பேரும் தோட்டம் தோட்டமாக அலைந்தார்களே. எந்தத் தோட்டத்துக்குப் போனாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் பெயர்களைச் சொல்லியிருப்பாள், அதில் ஒரு பெயர் ராக்கியண்ணன் என்று இருந்திருக்கும். பக்கத்துத் தோட்டம், முறைக்கு மாமன், நல்ல மனுசன். மேக்கால போர் ஓட்டினதுக்கு அடுத்த கோடையில் ராக்கியண்ணன் கிணறு இறங்க ஆரம்பித்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா இல்லையா யார் கண்டது, பூமிக்குள் போய்ப் பார்த்தவன் எவன், அந்த வருசம் மழையும் இல்லை. மழை இல்லைதான். ஒரு நாள் சாயங்காலம் வேலியோரமாக நின்று ராக்கியண்ணன் சொன்னது ஒரே வரி. "கெணறு ஒறங்கிருச்சு மாப்ள." சொல்லிவிட்டுச் சிரித்தார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம், பஞ்சாயத்து கூட்டியிருந்தால் வக்கீல் மாதிரிப் பேசியிருக்கலாம், மனுசன் சிரித்துவிட்டார். மஞ்சள் வைத்திருந்த காட்டில் முருங்கை நட்டுவிட்டு, காய்த்தபோது ஒரு கட்டு காய் கொடுத்தும் அனுப்பினார். அந்த முருங்கைக்காய்ச் சாம்பார் அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை, முள்ளா இருந்தது அதில், ஒன்றுமில்லை, நல்ல சதைப்பிடிப்பான காய். அன்றிலிருந்து தோட்டத்துக்கு அவர் வடக்கு வழியாகத்தான் போகிறார். வடக்கு வழியில் நிழல் அதிகம் என்று பூங்கொடியிடம் சொல்லியிருக்கிறார். நிழல் என்ன நிழல், நாலு கருவேலஞ்செடி. சரி, மழை இல்லாத வருசம் அது. மழை இல்லை. ஆனால் அதற்கடுத்த வருசம் மழை பெய்ததே, அப்போதும் ஏன் கிணறு... மேடையைப் பாரு, மேடையைப் பாரு.

மேடையில் திட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக் கூரை, மண்டபத்துக் கூரை, ரோட்டோர வாய்க்கால், இங்கெல்லாம் ஓடி வீணாகும் மழைத்தண்ணியைச் சல்லியும் மணலும் போட்ட குழியில் வடிகட்டி வற்றின கிணறுகளுக்குள் விட வேண்டும். கிணற்றுக்குள் போகிற தண்ணி மெல்ல மெல்ல சுற்றுவட்டாரமெல்லாம் ஊறும். கூடவே ஊரில் ஆழமான போர்களை முறை வைத்து ஓய்வு விட வேண்டும், போடுகிறதை விட எடுக்கிறது அதிகமானால் எதைப் போட்டும் பயனில்லை. அழகாகச் சொன்னாள். கனிஷ்காதான் சொன்னாள். பொங்கியண்ணனுக்குப் பயம் இருந்த இடத்திலேயே ஒரு பெருமையும் வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தது, பஸ்ஸில் ரண்டு பேர் சீட்டில் மூணாவது ஆள் உட்காருவது போல. பெயர் சொல்லவில்லை. முடிக்கப்போகிறாள், நன்றி வணக்கம் சொல்லிவிட்டால் போதும், எழுந்து நின்று கை தட்டலாம். அவள் நன்றி வணக்கம் சொன்னாள். அவர் இரண்டு கையையும் தூக்கினார். அப்போது நடுவர் வரிசையில் நடுவில் இருந்த அம்மாள், நிலத்தடி நீர் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம், கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"திட்டம் நல்லா இருக்கும்மா. ஒரு கேள்வி. உங்க ஊர்ல ரொம்ப அதிகமா தண்ணி எடுக்கறது யாருன்னு தெரியுமா? பேரு வேண்டாம். தெரியுமா தெரியாதா, அது போதும்."

தூக்கின கை அந்தரத்தில் நின்றது. மேடையில் ரிஸ்வானா கனிஷ்காவைப் பார்த்தாள், துர்கா தரையைப் பார்த்தாள், அஷ்வத் படத்துக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் மறைந்தான். தெரியாதுன்னு சொல்லு கண்ணு, தெரியாதுன்னு ஒரு வார்த்தை, அவங்களே பேரு வேண்டாம்னுட்டாங்க. இல்லை, தெரியாதுன்னு சொன்னால் மார்க் போய்விடுமே, இத்தனை மாசம் மண்ணைத் தின்னாத குறையாகப் படித்திருக்கிறாள். சொல்லு. சொல்லாதே. சொல்லித் தொலை.

"தெரியுமுங்க மேடம்" என்றாள் கனிஷ்கா. பெரிய மனுஷியின் குரல் எங்கேயோ போய்விட்டது, வீட்டுக் குரல் வந்துவிட்டது. "எங்கப்பாதானுங்க."

அரங்கம் கொல்லென்று சிரித்தது. நடுவர் அம்மாளுக்கும் சிரிப்பு வந்தது. "அப்ப இந்தத் திட்டத்தை மொதல்ல அவர்கிட்டயில்ல சொல்லியிருக்கணும்? சொன்னியா?"

"இல்லீங்க மேடம்."

"ஏன்?"

"பயமா இருந்துச்சுங்க. அப்பா வருத்தப்படுவாருன்னு."

வருத்தப்படுவாருன்னு. திட்டுவாருன்னு இல்லை, அடிப்பாருன்னு இல்லை. இத்தனை மாசமும் சாப்பாட்டுத் தட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இவளும் பயந்துகொண்டிருந்தாளா? இந்தப் பக்கம் அவர், இவள் என்ன கேட்டுவிடுவாளோ என்று. அந்தப் பக்கம் இவள், கேட்டால் என்ன ஆகுமோ என்று. நடுவில் ரசம் ஆறிக்கொண்டிருந்தது. "அப்பா, நம்ம போரு எத்தனை ஆழம்?" என்று ஒரு தடவை கேட்டாளே, "பாதாளம் வரைக்கும்" என்று வேடிக்கை பேசி எழுந்து கை கழுவப் போனாரே. அன்றைக்கு உட்கார்ந்திருக்கலாம். கால் தானாக நிமிர்ந்தது. ஜெசிந்தா டீச்சர், "சார், சார்" என்று சட்டையைப் பிடித்து இழுத்தது தெரிந்தது, அதற்குள் அவர் எழுந்து நின்றுவிட்டிருந்தார். அரங்கத்தில் இருந்த தலைகள் எல்லாம் திரும்பின.

"நான்தானுங்க அந்த அப்பா" என்றார். குரல் அவசியத்துக்கு மேல் பெரிதாக வந்தது. "வருத்தமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. புள்ள கேக்கட்டுங்க. இப்பவே கேக்கட்டும்."

நடுவர் அம்மாள் மேடையைப் பார்த்துக் கையைக் காட்டினார், கேள் என்று. கனிஷ்கா மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். அரங்கத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடுவில் அத்தனை ஊர்ப் பிள்ளைகளும் இருந்தார்கள், அவளுக்கு அவர் மட்டும்தான் தெரிந்தார் போலிருக்கிறது.

"அப்பா, மேக்கால போரை ஒரு வருசம் நிறுத்தலாமுங்களா?"

மேக்கால போர். கிழக்கால போர் என்று கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சரி என்றிருப்பார், அதில் தண்ணி அரைக்கால் இஞ்சுதான் வரும். மேக்கால போர் பட்டனைத் தட்டினால் பொத்துக்கொண்டு கொட்டுவது. அது நின்றால் ஒரு வண்டி நிற்கும், புல்தரை ஓட்டல்காரன் போன் போட்டுக் கத்துவான், கத்தட்டும், மண்டபத்துக்கு வைகாசியில் முகூர்த்தம் வரிசையாக இருக்கிறது, முகூர்த்தத்துக்குத் தண்ணி இல்லையென்றால் பந்தியில் உட்கார்ந்தவன் கையை எங்கே கழுவுவான், டிரைவர் சென்னியப்பனுக்கு என்ன வேலை கொடுப்பது, குழி வெட்டச் சொல்லலாம், சல்லி அடிக்கச் சொல்லலாம், அட, நான் ஏற்கெனவே யோசிக்க ஆரம்பித்துவிட்டேனா.

"ஒரு வருசமெல்லாம் ஆகாது கண்ணு" என்றார். அரங்கம் 'ஓ' என்றது. "ஐப்பசி மழை வரைக்கும் நிறுத்தறேன்."

"மழை பெஞ்சு கீழ எறங்கறதுக்கு நாளாகுமுங்கப்பா. மாசி வரைக்கும்."

"மாசி ரொம்பத் தூரம். கார்த்திகை."

"பங்குனி!"

"இதென்ன கண்ணு, ஏத்திக்கிட்டே போற?"

பிள்ளைகள் பெஞ்சைத் தட்டினார்கள். நெகிழிப் பைக்கு அழுத பையன் எழுந்து நின்று விசிலடித்தான். நேரம் முடிந்ததென்று மணி அடித்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. "தை" என்றார் பொங்கியண்ணன், கடைசி விலை சொல்லும் சந்தைக்காரர் மாதிரி விரலை உயர்த்தி. "தைப்பொங்கல் வரைக்கும். அதுக்கப்புறம் நீயும் நானும் கயிறு விட்டுப் பாப்போம். தண்ணி ஏறியிருந்தா அப்பப் பேசிக்கலாம்." கனிஷ்கா தலையாட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கடைசி வரிசையிலிருந்து தெரியவில்லை. அவர் உட்கார்ந்தார். முன்வரிசை ஆள் ஒருவர் திரும்பி, யார் எவர் என்று தெரியாமலே கை குலுக்கினார். ஜெசிந்தா டீச்சர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சார், டைம் போயிருச்சு சார்" என்றார்.

டைம் போனது உண்மைதான். முதல் பரிசு உடுமலைப் பக்கத்துப் பள்ளிக்குப் போனது, யானைகள் போகும் வழியைப் பேசினவர்கள், நியாயமான பரிசு. இரண்டாவது தீக்குப் போனது. ஏழாவது அணிக்கு மூன்றாவது, நாலு பேருக்கும் ஆளுக்கொரு பூதக்கண்ணாடி. திரும்புகிற வழியில் வேனுக்குள் அதை வைத்து ஒருத்தர் மூக்கை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். வேனை ஓட்டிக்கொண்டிருந்த பொங்கியண்ணன் பக்கம் தலையை நீட்டி ரிஸ்வானாதான் சொன்னாள், "அங்கிள், நீங்க பேரம் பேசுன நேரத்தையும் எங்க கணக்குல சேத்து மார்க்கைக் கொறைச்சுட்டாங்க." "அப்ப நான் மொதல்லயே தைன்னு சொல்லியிருக்கணுமா?" "மாசின்னு சொல்லியிருந்தா இன்னும் சீக்கிரம் முடிஞ்சிருக்கும்" என்றாள் கனிஷ்கா. பொங்கியண்ணன் தலைக்கு மேலிருந்த வண்டிக் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். முழங்கால் செம்மண் அப்படியே இருந்தது. வருத்தமா இருக்கா என்று கேட்க நினைத்தார், அந்த மூஞ்சியைப் பார்த்தால் கேட்க வேண்டியதில்லை. அவருக்கு வருத்தமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். ஓட்டல்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டும், ராக்கியண்ணன் மாமன் வீட்டுப் படியேறிப் போய், உங்க கெணத்துக்கு எங்க கூரைத் தண்ணியை விட்டுக்கட்டுங்களா என்று கேட்க வேண்டும். ஆனாலும் உடம்பு லேசாகத்தான் இருக்கிறது, டேங்கை இறக்கிவிட்டுத் திரும்புகிற லாரி மாதிரி, பள்ளத்தில் விழுந்தாலும் துள்ளித் துள்ளி ஓடுகிறது. வெயில் சாய்ந்த நேரம், பல்லடம் தாண்டி ஒரு பேக்கரியில் வண்டியை நிறுத்தினார். பிள்ளைகள் பப்ஸ் கேட்டு உள்ளே ஓடினார்கள். அவர் வேனில் சாய்ந்து நின்று சென்னியப்பனுக்குப் போன் போட்டார்.

"சென்னி, மேக்கால மோட்டாரை நிறுத்திப்போட்டு ஃபியூஸைப் புடுங்கி வெய்யி."

"ஏனுங்ண்ணா, ரிப்பேருங்களா?"

"ரிப்பேரெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார் பொங்கியண்ணன். "தை வரைக்கும் லீவு."